ரசமட்டம்

சொஹாரில் புதுக் கட்டடம், மூன்றாம் மாடி நடைபாதை.
வெள்ளை டைல்ஸ், நடுவில் ஒரு வரிசை
பள்ளமாய்த் தெரிந்தது எனக்கு.
ரசமட்டம் வைத்தேன். குமிழி நடுவில் நின்றது.
பழசாகிவிட்டது, பொய் சொல்கிறது என்று
ஆறு ரியாலுக்குப் புதுசு வாங்கினேன்.
அதுவும் அதே பொய்.

தில்பகதூர் பதித்த வரிசை அது.
"நேராத்தான் இருக்கு உஸ்தாத்" என்றான்.
முப்பத்தோரு வருஷம் கல் பதித்தவனுக்கு
நேர் எதுவென்று சொல்ல வந்துவிட்டான்.
பதினோரு கல்லையும் பெயர்க்க வைத்தேன்.
இரண்டு நாள் கூலியையும் வெட்ட வைத்தேன்.
மறுபடி பதித்தான்.
மறுபடி பள்ளம்.

அந்த வாரம்
ஃபோர்மேன் முகத்தில் மூக்கைக் காணவில்லை.
அப்போதுதான் பயந்தேன்.

சூடான்காரர், டாக்டர் இஜ்லால்.
கட்டம் போட்ட காகிதம், நடுவில் ஒரு புள்ளி.
"இடது கண்ணை மூடு. என்ன தெரிகிறது?"
"யார் பதிச்சது இதை?
நடுவுல நாலு கல் அமுங்கிப்போச்சு,
கோடெல்லாம் வளையுது.
அட்வான்ஸ் கொடுத்திருந்தா திருப்பி வாங்குங்க."
அவர் சிரிக்கவில்லை.
"என்ன சாப்பிடுகிறாய்?"

கண்ணைக் காட்ட வந்தவனிடம்
வயிற்றைக் கேட்கிறாரே.
சொன்னேன்:
காலையில் குப்பூஸ், இரவு குப்பூஸ்,
இடையில் கோழியும் சோறும்,
டின்பால் டீ ஆறு, சிகரெட் பத்து.
"பச்சையாய் ஏதாவது?"
"பச்சைமிளகாய்."
அப்போது சிரித்தார்.

கண்ணுக்குள்ளே, பார்வையின் நடுமையத்தில்
மஞ்சளாய் ஒரு பொட்டு இருக்கிறதாம்.
அந்த மஞ்சளை உடம்பு தானாய்ச் செய்யாதாம்.
தின்ற இலையிலிருந்து
எடுத்து வைத்துக்கொள்ளுமாம்.
"கீரை தின்னு, மத்தி தின்னு,
முட்டையில் மஞ்சளை ஒதுக்காதே.
சிகரெட்டை இன்றைக்கே விடு.
போனது திரும்பாது.
மிச்சம் மெதுவாய்ப் போகலாம்.
போகலாம் என்றுதான் சொல்கிறேன்."

ஒரு கட்டு ஜர்ஜீர் இருநூறு பைசா.
அந்த இருநூறைத்தான் நாள்தோறும்
மிச்சம்பிடித்து அனுப்பிக்கொண்டிருந்தேன்.
வீட்டில் இப்போது அடுப்படி வரைக்கும் கிரானைட்.
அதில் நான் நடந்தது
எல்லா லீவையும் கூட்டினால் பதினெட்டு மாசம்.

கேம்ப்புக்குப் பின்னால்
ஏசிக் குழாய் சொட்டும் இடங்களில் எல்லாம்
மொக்லேசுர் செங்கீரை விதைத்திருக்கிறான்.
சிட்டகாங்கிலிருந்து பொட்டலத்தில் வந்த விதை.
கொசு வருமென்று போன வருஷம்
நான்தான் மிதித்துப் போட்டேன் ஒரு பாத்தியை.
இப்போது தட்டோடு போய் நிற்கிறேன்.
ஒரு பிடி அரிந்து கொடுத்தான், எதுவும் கேட்காமல்.
அறைக்குப் பதினாறு பேர்;
எங்கள் மூச்சே குளிர்ந்து சொட்டித்தான்
அதற்குத் தண்ணீர்.
வதக்கிப் போட்டால்
சோறு முழுக்க ரத்தச் சிவப்பு.
முதல் நாள் விழுங்க முடியவில்லை.
மத்திக்கு முள் எடுக்கத்தான் இன்னும் சிரமம்:
பார்க்கும் இடத்தில் முள் மறைந்துவிடுகிறது,
விரல்தான் கண்டுபிடிக்கிறது.

தில்பகதூரிடம் அந்தக் காகிதத்தைக் காட்டினேன்.
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.
"நேராத்தான் இருக்கு உஸ்தாத்."
அதே சொல், அதே குரல்.
இரண்டு நாள் கூலியை நீட்டினேன்.
எண்ணிப் பார்த்து சட்டைப்பையில் வைத்தான்.
பரவாயில்லை என்று சொல்லவில்லை.
ஏன் சொல்ல வேண்டும்?

இப்போது நூல் பிடித்தால்
நடு அவனுக்கு, ஓரம் எனக்கு.
ஓரத்தில் எனக்கு இன்னும்
மயிரிழை பிசகு தெரியும்.
மூலைக்கல் வெட்டத்தான் எப்போதும் ஆளில்லை.

லாக்கர் கதவில், விசா முடியும் தேதிக்குக் கீழே
கட்டக் காகிதம்.
விடிந்ததும் ஒரு கண், பிறகு மறுகண்.
இன்று பள்ளம் நேற்றளவே இருந்தது.
நேற்று, முந்தாநாள் அளவே.

டிசம்பரில் ஏசியை நிறுத்திவிடுவார்கள்.
அப்போது குழாயடியிலிருந்து
வாளி சுமக்க நான் வருவதாய்
மொக்லேசுரிடம் சொல்லியிருக்கிறேன்.